கண்ணுக்குக் கீழே இட்ட மருந்து

என் மகன் குடிக்கிறான் என்று என்னிடம் முதலில் சொன்னவர், நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்த காலத்தில் என்னிடம் படித்தவர். வெளிப்படையாக அவர் அப்படிச் சொல்லிவிடவில்லை. விருதுநகரில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறார். அரசு அலுவலகம் ஒன்றில் நல்ல பதவி. காலை நடையில் எதிர்ப்பட்டவர் சற்றுத் தூரம் உடன் நடந்து வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தம்பியை நேத்து பஸ் ஸ்டாண்டுல பாத்தேன் சார். கண்ணுக்குக் கீழ எல்லாம் வீங்கிக் கெடக்கு. இந்தக் காலத்துப் பசங்க சேர்க்கை எப்படின்னு நமக்குத் தெரியாது. கொஞ்சம் பாத்துக்கோங்க."

எங்கள் குடும்பத்தில் மதுவைத் தொட்டவர் எவருமில்லை. ஆமத்தூரில் எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர் முதல் நான் பணியாற்றிய கல்லூரியின் கடைநிலை ஊழியர் வரை இதை அறிவார்கள். அவருக்கு மறுமொழி கூறுவது அவர் சொன்னதைப் பொருட்படுத்தியதாகிவிடும் என்பதால், "ஆகட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீடு திரும்பினேன்.

ஆனால் பொருட்படுத்தினேன். மகன் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் கணினி வடிவமைப்பாளனாக இருந்தான். நாள்காட்டிகளும் பட்டாசுப் பெட்டிகளின் மேலட்டைகளும் அவன் கைவழியே போயின. மாலையில் பேருந்திலிருந்து இறங்கி அவன் வீட்டுக்குள் நுழையும்போது, ஏதாவது ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு நான் வாசல் நடையில் நிற்பேன். அவன் செருப்பைக் கழற்றக் குனியும்போது நானும் சற்றுக் குனிவேன். நான்காம் நாள் என் மனைவி அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏங்க, போலீஸ் நாய் கணக்கா எதுக்கு அவனை மோந்து பாக்குறீக? அவன் மோர் குடிச்சாலே மத்தியானம் பூராவும் தூங்குறவன்."

மகன் சிரித்தான். "மை நாத்தம்தான் அடிக்கும்பா. நல்லா மோந்துக்கோங்க" என்றான். அவன் சிரித்தபோது கண்களுக்குக் கீழே இருந்த அந்த இரண்டு பைகளும் மேலெழுந்து, கண்களைப் பாதி மூடின. சிறு வயது முதலே அவனுக்கு அவை உண்டு. காலையில் சற்றுக் கூடுதலாகவும் மாலையில் சற்றுத் தணிந்தும் இருக்கும். கருவளையம் அன்று, நிறத்தில் குறையில்லை. தோலுக்கு அடியில் யாரோ அரைநிலா வடிவில் பஞ்சை அடைத்துத் தைத்தது போன்ற மேடு. தூங்கி எழுந்தாலும் தூங்காதவனைப் போலத் தெரிவான். மகிழ்ச்சியாக இருந்தாலும் இழவு வீட்டிலிருந்து வந்தவனைப் போலத் தெரிவான்.

அன்று முதல் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டேன். வெள்ளரிக்காய் வில்லைகள் இரண்டு வாரம். "உப்பு மொளகாத்தூள் இருந்தா இதையே தின்னுருவேன்" என்று அவன் கண்மூடிப் படுத்தபடி சொல்வான். அதன்பின் துருவிய உருளைக்கிழங்கு. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்த கரண்டிகள். இரவில் உப்பில்லாத சோறு. தலைக்கு இரண்டு தலையணை. அதில் அவனுக்குக் கழுத்து வலி வந்ததே பயன். இவற்றால் காலை வீக்கம் ஒரு மணி நேரம் முன்னதாகத் தணிந்தது என்பது உண்மை. மேடு அப்படியே இருந்தது. மருந்துக்கடையில் கேட்டுக் கருவளையத்துக்கான களிம்பு ஒன்றை வாங்கி வந்தேன். அதைப் பூசிய பத்தாம் நாள் அந்த இடத்துத் தோல் சிவந்து எரியத் தொடங்கியது. கருவளையமே இல்லாதவனுக்கு அதை வாங்கி வந்தவன் நான்.

பின்னரே மதுரைக்குச் சென்றோம். விருதுநகரில் தோல் மருத்துவர் இல்லாமல் இல்லை. அங்கே காத்திருக்கும் நாற்காலிகளில் என்னை அறிந்தவர் ஒருவராவது இருப்பார்.

மதுரை மருத்துவர் நடுத்தர வயதுப் பெண்மணி. அந்தக் களிம்பைக் கண்டதும் முகம் சுளித்து, அதை இனிக் கண்ணருகே கொண்டு போகக் கூடாது என்றார். மகனை மேலே பார்க்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், இமையின் அடியில் விரலால் மெல்ல அழுத்தினார். கண்ணை அடிக்கடி கசக்குவானா என்று கேட்டார். அச்சகத்துக் காகிதத் தூசியால் அரிப்பு உண்டு என்றான். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"குடும்பத்துல வேற யாருக்கும் இப்படி இருக்கா சார்?"

"அப்படி ஒன்றும் இல்லை" என்றேன்.

மகன் என்னைப் பார்க்கவில்லை. மேசை மேல் இருந்த பிளாஸ்டிக் கண் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருத்துவர் என் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்துவிட்டு, "கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டுறீங்களா?" என்றார்.

என் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தைந்தாம் வயதில் விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் வாரம், கடைசி வரிசையில் ஒரு மாணவன் எனக்குப் பட்டப்பெயர் வைத்தான். அது என்னவென்று இங்கே எழுதப்போவதில்லை. அடுத்த திங்கட்கிழமை, கனத்த கருப்புச் சட்டமும் இலேசாக வண்ணமேற்றிய வில்லையும் கொண்ட கண்ணாடியுடன் வகுப்புக்குச் சென்றேன். அப்போது எனக்கிருந்த பார்வைக் குறைவுக்குக் கண்ணாடியே தேவையில்லை. அன்று முதல் குளிக்கும்போதும் உறங்கும்போதும் தவிர அதை நான் கழற்றியதில்லை. என் மனைவிக்கும் மகனுக்கும் அதன் அடியில் இருப்பது தெரியும். எங்கள் வீட்டில் அதைப் பற்றி ஒரு சொல் பேசப்பட்டதில்லை.

கதவு மூடியிருந்தது. கழற்றினேன். "சரி, போட்டுக்கோங்க" என்றார் மருத்துவர், அவ்வளவுதான்.

அதன்பின் அவர் மகனிடம்தான் பேசினார். சின்ன வயதிலேயே வருகிறது என்றால் பெரும்பாலும் பரம்பரை. கண்ணைச் சுற்றி இயல்பாக இருக்கும் கொழுப்பு முன்னால் தள்ளி நிற்கிறது. தூக்கத்துக்கும் ஒழுக்கத்துக்கும் இதில் பங்கில்லை. கசக்குவதால் வரும் வீக்கத்துக்கு ஒரு மாதம் களிம்பு தருகிறேன், அது அரிப்பை நிறுத்தும், பையை எடுக்காது. பைக்குக் கீழே இருக்கும் பள்ளத்தை ஊசி மூலம் நிரப்புகிறவர்கள் உண்டு. சில மாதங்கள் நிற்கும், பொருந்தாதவர்களுக்கு வீக்கத்தைக் கூட்டிவிடும், உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். லேசர் தோலைத்தான் இறுக்கும். நிரந்தரம் வேண்டுமென்றால் அறுவை; இமையின் உட்புறமாகச் செய்வதால் வெளியே தழும்பு தெரியாது; இரண்டு வாரம் முகம் வீங்கிக் கன்றியிருக்கும்; கண் என்பதால் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. "ஒண்ணும் செய்யாம அப்படியே விடுறதும் ஒரு வழிதான். இது நோய் இல்ல" என்று முடித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று சிறுநீரகத்துக்கும் தைராய்டுக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. அந்தத் தாளை நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

திரும்பும் வழியில் மகன், "ஆபரேசன் பண்ணிக்கிறவாப்பா?" என்று கேட்டான். முகத்தில் கத்தி வேண்டாம் என்றேன். இரண்டு வாரம் கன்றிய முகத்துக்குத் தெருவில் என்ன விளக்கம் சொல்வது என்பதே என் மனத்தில் இருந்தது.

அந்தக் களிம்பு மாதத்தில்தான் சாத்தூரிலிருந்து சம்பந்தம் வந்தது. என் மனைவியின் தம்பி அங்கே இருக்கிறார். அவர் கொண்டு வந்தது. பெண் பட்டப்படிப்பு முடித்துத் தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். தந்தை பட்டாசு ஆலையில் நீண்ட காலம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாதகத்துடன் புகைப்படம் கேட்டார்கள். இதே வேலையைச் செய்பவனாயிற்றே என்று மகனிடம், படத்தில் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யச் சொன்னேன்.

"ரெண்டு நிமிசம் போதும்பா. மூஞ்சியக் கொண்டு நேர்ல போயி நிக்கும்போது யாரு டச்சப் பண்ணுவா?" என்று இருந்த படத்தையே அனுப்பினான்.

இருக்கன்குடிக் கோயிலில் இரு குடும்பத்தாரும் தற்செயலாகச் சந்திப்பது போலச் சந்தித்தோம். இளையவர்கள் இருவரும் ஆற்றுப் பக்கம் பத்து நிமிடம் நின்று பேசினார்கள். அன்று மாலையே அவர்கள், அவள் வீட்டாருக்குத் தெரியாமல், தொலைபேசி எண்களைப் பரிமாறிக்கொண்டிருந்தது பிறகு தெரிந்தது. அவள் சொன்னதாக மகன் தன் தாயிடம் சொல்லிச் சிரித்ததைக் கேட்டேன்: "உங்க கண்ணைப் பாத்தா எனக்குக் கொட்டாவியா வருது. ஒருவாட்டி நல்லாத் தூங்கிட்டு வாங்களேன்." பிறவியிலேயே அப்படித்தான் என்று அவன் சொல்லவும், "அப்ப நான் எப்பம் தூங்குனாலும் நீங்க முழிச்சிருக்கது மாதிரி இருக்கும். நல்லதுதான்" என்றாளாம். அவன் அப்படிச் சிரித்து நான் பல காலம் பார்த்ததில்லை. அவள் ஒரே ஓர் எச்சரிக்கை தந்திருந்தாள். அவள் தந்தை எதையும் நேராகக் கேட்பவர். கண்ணைப் பற்றிக் கேட்டால் நேராகச் சொல்லிவிட வேண்டும்.

"நேராச் சொல்லிருங்கப்பா" என்று மகன் என்னிடம் இருமுறை சொன்னான்.

மூன்றாம் நாள் பெண்ணின் தந்தை தொலைபேசியில் அழைத்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கிறக் கூடாது. தம்பி கண்ணு ஏன் அப்படி இருக்கு?"

"அது ஒண்ணுமில்லைங்க. மருந்து விஷயம். சரியாகிரும்."

"மருந்துலயா இருக்காரு? அச்சாபீஸ்னுல்ல சொன்னாக?"

"வேலை அச்சாபீஸ்லதான். மருந்து வீட்டுல. ராத்திரி சாப்பிட்ட பெறகு."

"வீட்டுலயா! எம்புட்டு நாளா?"

"மூணு வாரமா. வெளியில யாருக்கும் தெரியாது. நீங்க கேட்டதால சொல்றேன்."

"பயமில்லாமயா செய்றீக?"

"என்ன பயம்? ரொம்பக் கொஞ்சந்தான். விரல் நுனியில எடுத்துத் தொட்டும் தொடாம வைக்கணும். அழுத்தித் தேய்ச்சாத்தான் ஆபத்து."

"அது எனக்குத் தெரியாதா சார்?" அவர் குரல் மாறியிருந்தது. "வீட்டுல பொம்பளைக இருக்காகள்ல?"

"இருக்கா. அவதான் எடுத்துக் குடுப்பா."

"சரி சார். வச்சிர்றேன்."

உரையாடல் கண்ணியமாக முடிந்தது என்று நினைத்தேன். என் மனைவியிடமும் அப்படியே சொன்னேன்.

மறுநாள் மைத்துனர் சாத்தூரிலிருந்து வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். நாற்காலியில் உட்காரவும் இல்லை.

"மச்சான், வீட்டுல வச்சுக் கள்ளத்தனமா வெடி உருட்டுறீகளாம்ல?"

பட்டாசுப் பக்கத்து ஊர்களில் மருந்து என்றால் வெடிக்கலவைதான். இது நான் அறியாத செய்தி அன்று. சாத்தூர், சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்த மாணவர்கள் ஆய்வகத்தில் கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் மருந்து என்று சொல்லும்போதெல்லாம், "மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது, இங்கே இருப்பவை வேதிப்பொருள்கள்" என்று திருத்தியவன் நான். அந்தச் சொல் அந்த மனிதரின் காதில் எப்படி விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதிலும் அவருடைய அண்ணன் ஆலை ஒன்றின் மருந்து அறையில் வெடிவிபத்தில் இறந்தவர். கலவையை அழுத்தித் தேய்த்ததால் நேர்ந்தது என்று மைத்துனர் சொன்னார். உரிமம் இல்லாமல் வீட்டிலேயே, இரவில், மனைவி எடுத்துக் கொடுக்க மருந்து கலக்கும் குடும்பத்துக்குப் பெண் கொடுப்பதில்லை என்று பெண்ணின் தந்தை சொல்லி அனுப்பியிருந்தார்.

என் மனைவி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். மகன் என் முன்னால் வந்து நின்றான்.

"ஒரு போன் போட்டு, கண்ணுக்குக் களிம்பு போடுறான்னு சொல்லுங்கப்பா. பெறவியிலயே இப்படின்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான்."

தொலைபேசியில் பேசி ஒருமுறை கெட்டது போதும், நேரில் செல்வதே முறை என்று மைத்துனருடன் சாத்தூர் புறப்பட்டேன். பீரோவைத் திறந்து அந்தப் பரிசோதனைத் தாளைக் கையில் எடுத்தேன். பரிசோதனை செய்துகொண்டவன் என்று நாமே சென்று அறிவிப்பது எப்படி என்று மீண்டும் உள்ளே வைத்தேன்.

பெண்ணின் தந்தை எங்களை மரியாதையாக உட்காரவைத்தார். மைத்துனர் களிம்பு என்ற சொல்லைச் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட, ஆயின்மென்ட்டா! நான் நேத்து ராத்திரி பூராவும் தூங்கல சார். உங்க தெருவே வெடிச்சுப் போற மாதிரி கனவு. எங்க வீட்டம்மா வேற, படிச்சவுக இப்படிச் செய்வாகளான்னு என்னைய ஏசிக்கிட்டே இருந்தா." உள்பக்கம் திரும்பி, "ஏலே பாப்பா, காப்பி கொண்டாலே" என்றார்.

பெண் காப்பியுடன் வந்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் கதவருகிலேயே நின்றாள். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அந்த ஐந்து நிமிடம் எல்லாம் சரியாகிவிட்டதாகவே இருந்தது.

"அப்ப கண்ணுல என்னதான் சார் கோளாறு?" என்று அவர் காப்பியை ஆற்றியபடி கேட்டார். "எங்க ஆலையில ஒருத்தனுக்குக் கண்ணு இப்படித்தான் வீங்குச்சு. பெறகு பாத்தா கிட்னி. அதான் கேக்கேன். பரம்பரையா வர்றதுன்னா ஒண்ணுமில்ல, எங்க மாமாவுக்குக்கூடத் தாடையில மரு உண்டு. உங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இருக்கா?"

அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்ற ஒரு நொடி போதும். மதுரையில், முன்பின் தெரியாத ஒருவரின் முன் கழற்றியிருக்கிறேன். கை சட்டத்தின் விளிம்பு வரை சென்றது. அதைச் சரிசெய்துகொண்டு கீழே வந்தது.

"எங்கள் பரம்பரையில் அப்படி யாருக்கும் கிடையாது" என்றேன். அந்த இடத்தில் என் பேச்சு மேடைத்தமிழாகிவிட்டது.

மைத்துனர் காப்பித் தம்ளருக்குள் பார்த்தார். பெண் கதவருகிலிருந்து உள்ளே போனாள்.

"அப்படியா சார்" என்றார் அவர். அதன்பின் மழையைப் பற்றியும், மல்லாங்கிணறு பக்கம் பருத்தி காய்ந்துபோனதைப் பற்றியும் பேசினார். பரம்பரை இல்லையென்றால் அது நோய். ஒரு தந்தை அப்படித்தான் எண்ணுவார். நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன். ஒரு வாரம் கழித்து, பெண்ணுக்கு இப்போது திருமண யோகம் இல்லையென்று சோதிடர் சொல்லிவிட்டதாக மைத்துனரிடம் சொல்லி அனுப்பினார்கள். மரியாதையான மறுப்பு. அடுத்த வைகாசியில் அவளுக்குத் திருமணம் நடந்தது.

சாத்தூரில் நடந்ததை மைத்துனர் ஒன்றுவிடாமல் மகனிடம் சொல்லியிருந்தார். அவன் என்னிடம் சண்டையிடுவான் என்று எதிர்பார்த்தேன். அதற்கு விடைகளும் வைத்திருந்தேன். சில நாட்கள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இலையைப் பார்த்தபடி கேட்டான்.

"உண்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லப்பா?"

என் மனைவி மோரை ஊற்றினாள். அவன் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான்.

அறுவைக்குச் சம்மதிக்கிறேன் என்று நானாகவே ஒருநாள் சொன்னேன். மதுரையில் வேண்டாம், சென்னையிலேயே செய்துகொள்ளலாம், இரண்டு வாரம் அங்கேயே தங்கலாம் என்றேன். "அது நோய் இல்லன்னுல்ல டாக்டர் சொன்னாக" என்றான். அரிப்பு நின்றுவிட்டிருந்தது. களிம்பையும் நிறுத்தியிருந்தான். வேறு இரண்டு சம்பந்தங்கள் வந்தன; இரண்டிலும் பெண் வீட்டார் படத்தைப் பார்த்த அளவிலேயே நின்றுகொண்டார்கள். சாத்தூரில் ஏதோ சிறுநீரகக் கோளாறு என்று பேச்சு உலவுவதாக மைத்துனர் சொன்னார். அந்தப் பேச்சை மறுக்கும் தாள் எங்கள் பீரோவில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்குப் போவது?

ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் கடைத்தெருவுக்குப் போய்விட்டு முகத்தில் கண்ணாடியுடன் திரும்பினான். கனத்த கருப்புச் சட்டம். வில்லையில் இலேசான வண்ணம். நான் வாடிக்கையாக வாங்கும் கடையில்தான் வாங்கியிருந்தான்.

என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "கண்ணு தெரியலயாலே உனக்கு?" என்றாள்.

"நல்லாத் தெரியுதும்மா. பவர் இல்லாத கண்ணாடி. சும்மாதான்."

"எதுக்கு சும்மா?"

"கடைக்காரரு, அச்சு அசல் அப்பா மாதிரியே இருக்கீகன்னு சொல்லிட்டு அம்பது ரூவா கொறச்சுக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனான்.

இப்போது குளிக்கப் போகும்போது இருவரும் கண்ணாடியைக் கழற்றி வைப்பது முற்றத்துச் சன்னல் திட்டில்தான். நேற்றுக் காலை குளித்துவிட்டு வந்து, திட்டில் கைக்குத் தட்டுப்பட்டதை எடுத்து மாட்டிக்கொண்டு செய்தித்தாளைப் பிரித்தேன். எழுத்துகள் கூடவில்லை. தாளைத் தள்ளிப் பிடித்தேன், கிட்டத்தில் பிடித்தேன். மகன் துண்டுடன் என் எதிரில் வந்து நின்று கையை நீட்டினான். வெறும் முகம். கழற்றிக் கொடுத்தேன். வாங்கி மாட்டிக்கொண்டு, சிவகாசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று புறப்பட்டுப் போனான்.